பல் உரைக்கும் சாட்சி

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லின்மேல் ஊர்ந்த எறும்புகளை எவரும் எண்ணிக் கணக்கிட்டிலர். ஆயினும் தேய்ந்த தடமானது அவற்றின் போக்குவரவிற்குச் சான்றாய் நிற்கின்றது. யான் பிறந்து வளர்ந்த ஊர் பாம்பன். எங்கள் இல்லத்துக் கொல்லைப்புறத்தில் ஒரு பழங்கிணறு உண்டு. அதன் கல் விளிம்பில் விரல் ஆழத்திற்குப் பள்ளங்கள் சில காணப்படும். இப்பொழுது அக்கிணற்றில் நீர் இறைப்பது மோட்டார்ப் பொறி. எனினும் ஒரு காலத்தில் கயிறிட்டு இறைத்தனர் என்பதனையும், எப்பக்கம் நின்று இறைத்தனர் என்பதனையும் அப்பள்ளங்களே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

அடுக்களையிற் கிடக்கும் அம்மியும் அத்தகையதே. புதிதாய்க் கொத்திய அம்மியின் முகத்தில் உளியின் புள்ளிகள் கூர்மையாய் இருக்கும். மிளகாயும் மஞ்சளும் அரைக்க அரைக்க அவை மழுங்கி, முகம் வழவழப்பாகிவிடும். பின்னர் மீண்டும் கொத்தவேண்டும். அம்மியின் வடிவத்தைக் கண்டவன், இஃது அரைப்பதற்குரிய கருவி என்று மட்டுமே கூறுவான். அதன் முகத்தை உற்று நோக்கியவனோ, அதில் யாது அரைக்கப்பட்டது, எவ்வளவு அரைக்கப்பட்டது என்று ஊகித்தறிய வல்லவனாவான். வடிவம் உரைப்பது ஆற்றலை. தேய்மானம் உரைப்பது செயலை. இவ்வேற்றுமையை அன்பர்கள் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரை முழுவதும் இதன்மேலேயே நிற்பது.

சென்ற ஆண்டில் நெய்தல் திணைப் பாடல்களில் வரும் கடல்வாழ் உயிர்களின் பெயர்களைத் தொகுத்து எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வுயிர்களின் உருவத்தை நேரிற் காணவேண்டுமென்னும் விருப்பினால் எம் கல்லூரி விலங்கியற் காட்சிசாலைக்குச் சென்றேன். ஆங்கு ஒரு கண்ணாடிப் பேழையில் கடற்பசுவின் மண்டையோடு வைக்கப்பட்டிருந்தது. எங்கள் கரையில் ஆவுளியா என்று வழங்கும் பிராணி அது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்டு வளர்ந்த யான், அதன் எலும்பை அன்றுதான் கண்டேன். மாட்டின் பற்களைப்போல் அகன்று மடிப்பு மடிப்பாய் இருக்கும் என்று எண்ணியதற்கு மாறாக, அதன் கடைவாய்ப் பற்கள் உருண்டையான மரமுளைகளைப்போல் இருந்தன. எனாமல் என்னும் பளபளப்பான மேற்பூச்சு ஒரு துளியும் அவற்றிற் காணப்படவில்லை. “புல் மேய்கின்ற பிராணிக்கு இத்தகைய பல்லா?” என்று வியந்தேன். உடனிருந்த விலங்கியல் மாணவர், “அமெரிக்காவில் அற்றுப்போன தரை ஸ்லாத்துகளுக்கும் எனாமல் இல்லாத முளைப்பற்களே இருந்தன. அவை என்ன தின்றன என்பதனை அப்பற்களின் நுண்ணிய கீறல்களைக்கொண்டு ஆராய்கின்றனர்” என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

ஸ்லாத் என்பது அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய ஒரு விலங்கினம். இந்நாளில் எஞ்சியிருப்பவை மரக்கிளைகளில் தலைகீழாய்த் தொங்கி, மிக மெதுவாய் அசைந்து வாழும் சிறு பிராணிகள்; எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோவிற்குள் அடங்கும். இவற்றின் பண்டைய உறவினரோ நிலத்தில் நடந்த பேருருவினர். 1787-ஆம் ஆண்டில் அர்ஜென்டினா நாட்டின் லுகான் ஆற்றங்கரையில் ஒரு பெரும் எலும்புக்கூடு கிடைத்தது. அது கப்பலேறி ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரத்தை அடைந்தது. அதன் சித்திரங்களைக் கண்டு ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் குவியே, 1796-ஆம் ஆண்டில் அதற்கு மெகதேரியம் என்று பெயரிட்டு, அது ஸ்லாத்தின் இனமே என்று நிறுவினார். யானையையொத்த பருமனும், பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து நிற்கும் ஆற்றலும், நீண்டு வளைந்த நகங்களும் உடையது அது. இத்தகைய தரை ஸ்லாத்துகள் பலவகையாய்ப் பெருகி வாழ்ந்து, பெருநிலப் பகுதிகளில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னரும், கரிபியத் தீவுகளில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னரும் அற்றொழிந்தன.

இவை என்ன உண்டன? கிளைகளை வளைத்து இலையைத் தின்றனவா? புல் மேய்ந்தனவா? நிலத்தை அகழ்ந்து கிழங்கெடுத்தனவா? இன்று வாழும் சிறு ஸ்லாத்தைப் பார்த்து விடை கூறுதல், வீட்டுப் பூனையைப் பார்த்துப் புலியின் வேட்டையை விவரிப்பதை ஒக்கும். ஆகவே செத்த பிராணியின் பல்லையே வினவ வேண்டியதாயிற்று.

பல்லின் அமைப்பைச் சிறிது அறிதல் நலம். மனிதர், மாடு, குரங்கு முதலிய பெரும்பாலான பாலூட்டிகளின் பல்லில் இரு பொருள்கள் முக்கியமானவை. வெளியே இருப்பது எனாமல். உடம்பிலுள்ள எல்லாப் பொருள்களினும் கடினமானது. உள்ளே இருப்பது டென்டீன், எனாமலினும் மென்மையானது. யானைக் கொம்பு முழுவதும் பெரும்பாலும் இவ்வுட்பொருளே. தந்தம் என்னும் வடசொல்லுக்குப் பல் என்பதே பொருளாதலின், டென்டீனை ஈண்டுத் தந்தப்பொருள் என்று வழங்குவேன். ஸ்லாத்துகளுக்கு எனாமல் இல்லை. கடினமான தந்தப்பொருள் ஒரு வளையமாகவும், அதனுள்ளே மென்மையான தந்தப்பொருள் நடுக்கருவாகவும், புறத்தே சிமெண்டு என்று பெயர்பெற்ற ஒரு போர்வையாகவும் அவற்றின் பல் அமைந்துள்ளது. மென்மையான பல் விரைவில் தேயுமன்றோ? அக்குறையை நிரப்ப, வேர் மூடாது திறந்தபடியே இருந்து, வாழ்நாள் முழுவதும் பல் வளர்ந்துகொண்டே வருகின்றது.

இனிக் கீறல் உண்டாகும் வகையைக் காண்போம். தருப்பைப் புல்லை விரலால் உருவினவர்க்கு அதன் ஓரம் கீறும் என்பது தெரியும். புல்லினத்தின் உடலில் சிலிகா என்னும் மணற்சத்து நுண்ணிய துகள்களாய்ப் படிந்திருக்கின்றது. அத்துகள்களும், இலையில் ஒட்டிய தூசியும் மணலும், மெல்லும்போது மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே அகப்பட்டு இழுபட்டுக் கோடுகளை வரைகின்றன. கொட்டை, வித்து, எலும்பு முதலிய கடினமான பொருள்கள் நசுக்கப்படும்பொழுது கோடுகளுக்குப் பதிலாகக் குழிகள் விழுகின்றன. மென்மையான இலைகளை மெல்லும் பல்லிற் கீறல்கள் அருகி, முகம் மெருகேறியதுபோல் தோன்றுவதுண்டு. இக்கோடுகளும் குழிகளும் வெறுங்கண்ணிற்குப் புலனாகா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அக்கூறுகளிற் சிலவே இவற்றின் அகலம்.

இவற்றைப் படிக்கும் முறை எளிதுபோல் தோன்றினும் பொறுமையை வேண்டுவது. முதலில் பல்லின்மீதுள்ள அழுக்கையும் பழைய பசையையும் மெதுவாய்த் துடைப்பர். பின்னர், பல் வைத்தியர்கள் அச்செடுக்கப் பயன்படுத்தும் சிலிக்கோன் பசையைப் பல்லின்மேல் அப்பி, இறுகியதும் உரித்தெடுப்பர். அவ்வச்சினுள் எபாக்ஸி என்னும் பிசினை ஊற்ற, பல்லின் முகம் தன் கீறல் ஒன்றும் குறையாமல் மறுபடியாய் உருவாகும். அரிய புதைபடிவத்தைக் காட்சிசாலையினின்றும் அசைக்காமலே, இம்மறுபடியைக் கடல்கடந்தும் அனுப்பி ஆராயலாம். அதனை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, குறித்த சதுரத்திற்குள் கோடு எத்தனை, குழி எத்தனை, அவற்றின் அகலம் யாது, கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றனவா என்று எண்ணிக் கணக்கிடுவர். எண்ணுவோர் கண்ணுக்குக் கண் வேறுபடும் குறை நேர்ந்தமையால், அண்மைக்காலத்தில் ஒளிக்கற்றையைச் செலுத்தி, பல்முகத்தின் மேடுபள்ளங்களை இயந்திரமே அளந்து தரும் முறையும் வழக்கில் வந்துள்ளது.

ஆயினும், இன்ன கீறல் இன்ன உணவால் வந்தது என்பதற்குத் திறவுகோல் யாது? உயிரோடிருக்கும் விலங்குகளே அத்திறவுகோல். 1978-ஆம் ஆண்டில் ஆலன் வாக்கர் என்பாரும் அவருடன் உழைத்த இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையிற் புகழ்பெற்றது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியிலுள்ள பாறைக் குன்றுகளில் ஹைராக்ஸ் என்னும் சிறு பிராணிகள் வாழ்கின்றன. நம் தமிழ் வேதாகமத்தில் குழிமுசல் என்று பெயர்க்கப்பட்ட பிராணியின் இனமே இது. அங்கு ஒரே பாறையில் இருவகை ஹைராக்ஸ்கள் கூடி வாழ்கின்றன. ஒருவகை எக்காலத்தும் குழையும் தழையும் தின்பது. மற்றொன்று மழைக்காலத்திற் புல் மேய்ந்து, வறண்ட காலத்தில் தழைக்குத் திரும்புவது. இடம் ஒன்று, தூசி ஒன்று; உணவு மட்டுமே வேறு. பற்களை நோக்கியபோது, மழைக்காலத்திற் புல் மேய்ந்தவற்றின் பற்களில் மெல்லிய கோடுகள் இணையிணையாய் நிரம்பியிருந்தன; தழையுண்டவற்றின் பற்களிலோ அத்தகைய கோடுகள் காணப்படவில்லை. பருவம் மாறிய பின்னர்ப் புல் மேய்ந்த வகையின் பல்லிலும் அக்கோடுகள் மறைந்தன. உணவே எழுத்தாணி, பல்லே ஓலை என்பது இவ்வாறு உயிருள்ள விலங்குகளிடத்தே மெய்ப்பிக்கப்பட்டது.

இம்முறை நம் தேசத்துப் பழம்பொருள் ஒன்றின்மேலும் செலுத்தப்பட்டது. இமயத்தின் அடிவாரத்துச் சிவாலிக் அடுக்குகளில் ஏறத்தாழ 85 லட்சம் ஆண்டுகள் முதல் 125 லட்சம் ஆண்டுகள் வரை பழமையான குரங்கின எலும்புகள் அகப்படுகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பில்கிரிம் என்பார் 1910-ஆம் ஆண்டில் அவற்றிற்குச் சிவபிதேகஸ் என்று பெயரிட்டார். அதன் பல்லில் எனாமல் மிகத் தடித்திருந்தமையின், அது கொட்டைகளையும் வித்துக்களையும் உடைத்துத் தின்றிருக்கவேண்டும் என்று பலரும் கருதினர். 1984-ஆம் ஆண்டில் டீஃபோர்டும் வாக்கரும் அதன் பற்சுவடுகளை எண்ணி நோக்கினர். கடினமான கொட்டையை உடைக்கும் குரங்குகளின் பல்லில் விழும் குழிகளின் மிகுதி அதனிற் காணப்படவில்லை. பழந்தின்னும் சிம்பன்சியின் பல்லையே அது ஒத்திருந்தது. கொட்டையை உடைக்க வல்ல பல்லாயினும், உடைத்ததாகச் சுவடு இல்லை. வடிவம் ஆற்றலையும் தேய்மானம் செயலையும் உரைக்கும் என்று தொடக்கத்திற் கூறியது இதனால் தெளிவாகும்.

இனித் தரை ஸ்லாத்திற்கு மீள்வோம். ஹைராக்ஸுக்கும் குரங்கிற்கும் எனாமல் உண்டு. ஸ்லாத்திற்கு அஃது இல்லை. மென்மையான தந்தப்பொருளில் விழும் கீறலும் உணவைக் காட்டுமா என்ற ஐயம் நெடுங்காலம் இத்துறையினரைத் தடுத்து நின்றது. 2009-ஆம் ஆண்டில் ஜெரெமி கிரீன் என்னும் அறிஞர் அவ்வையத்தை நேரே எதிர்கொண்டார். இன்று வாழும் ஸ்லாத்துகளும், அவற்றின் உறவினராகிய ஆர்மடில்லோ என்னும் ஓட்டுடற் பிராணிகளும் எனாமலற்ற பல்லுடையனவே. அவற்றின் உணவு நமக்குத் தெரியும். இலையுண்பவை, இலையோடு கனியும் உண்பவை, பூச்சியுண்பவை, எல்லாம் உண்பவை என அவற்றை வகுத்து, தந்தப்பொருளின்மேல் விழுந்த சுவடுகளை எண்ணிப் பார்த்தார். வகைக்கு வகை சுவடும் வேறுபட்டது. பின்னரே அற்றுப்போன நாத்ரோதேரியாப்ஸ் என்னும் தரை ஸ்லாத்தின் பல்லை நோக்கினார். இலை தழை உண்ணும் கூட்டத்தோடே அதனைச் சேர்க்கத் தகும் என்பது தெரியவந்தது.

அவர் இவ்விலங்கைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதன் உணவைக் கூறும் வேறொரு சாட்சியும் இருந்தது. அமெரிக்காவின் அரிசோனா நாட்டில் பெரும்பள்ளத்தாக்கின் சரிவில் ராம்பர்ட் குகை என்றொன்று உளது. அக்குகையின் வறண்ட காற்றில் இந்த ஸ்லாத்தின் சாணம் 10,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்காமல் அடுக்கடுக்காய்க் கிடந்தது. அதனைக் கரைத்து நுண்ணோக்கியில் நோக்கியவர்கள், நம் துத்திச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாலைச்செடியும், எபீட்ரா என்னும் புதரும், நம் கடற்கரை உமரியின் குடும்பத்ததாகிய ஓர் உப்புச்செடியும் அதன் முக்கிய உணவு என்று கண்டு, 1978-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பல்லும் சாணமும் ஒரே வாக்காய்ச் சாட்சி கூறின. ஒரு சாட்சியால் வழக்கு நிலைபெறாது, இருவர் மூவர் ஒத்துரைக்கவேண்டும் என்னும் பழைய நீதி விஞ்ஞானத்திற்கும் பொருந்துவதே. ஆனால் இதனினும் துயரமானதொரு செய்தி கேளுங்கள். 1976-ஆம் ஆண்டில் அக்குகையினுள் தீப்பற்றி, பல திங்கள் புகைந்து, அச்சாணப் பண்டாரத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆயிரமாயிரம் ஆண்டு காத்திருந்த சாட்சி ஒரு கோடையில் வாய்மூடிவிட்டது.

இனி, பல் என்னும் சாட்சியின் எல்லைகளையும் நடுவுநிலையோடு கூறுதல் கடன். அவை மூன்று.

முதலாவது, பல் நெடுநாளைய கதையைச் சொல்லாது. புதிய உணவு பழைய கீறலை அழித்து எழுதிவிடும். சில நாள் அல்லது சில வார உணவே அதிற் பதிந்திருக்கும். 1986-ஆம் ஆண்டில் பிரெடெரிக் கிரைன் என்பார் இதற்குக் கடைசி இராப்போஜனம் என்று பெயரிட்டார். அத்திருப்பெயரைக் கேட்டவுடன் நம்போன்றோர் உள்ளம் ஒருகணம் நின்றுவிடும். அவர் கருதியது இவ்வளவே: பல்லில் யாம் காண்பது அவ்விலங்கின் வாழ்நாள் உணவு அன்று, சாவதற்குச் சற்று முன்னர் உண்ட உணவு. பஞ்சகாலத்தில் இறந்த விலங்கின் பல்லைக்கொண்டு அதன் இயல்பான உணவை முடிவு செய்தல் தவறாகும். ஆகவே ஒரு பல் போதாது. பல இடத்து, பல பருவத்துப் பற்கள் வேண்டும்.

இரண்டாவது, கீறியது புல்லா மணலா என்னும் வழக்கு. 2013-ஆம் ஆண்டில் பீட்டர் லூகஸ் முதலியோர், மணற்றூசியே எனாமலைச் சீவி எடுக்க வல்லது, புல்லின் சிலிகாத் துகள் அதனை அழுத்தித் தடம் பதிக்குமேயன்றிச் சீவாது என்றனர். எனாமலினும் மென்மையான துகளும் அதனைத் தேய்க்க வல்லதே என்று 2015-ஆம் ஆண்டில் வேறு சிலர் காட்டினர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. பாம்பனிற் பிறந்தவனுக்கு இவ்வழக்கின் கனம் நன்கு விளங்கும். கச்சான் காற்று வீசும் நாளில் எங்கள் தெருவிற் சோற்றை மூடாமல் வைப்போர் இலர். உணவு எதுவாயினும் மணல் அதிற் பங்கு கேட்கும் ஊர் எங்களது.

மூன்றாவது, வாய் என்பது பல் மட்டும் அன்று. உதடும் நாவும் அண்ணமும் மண்ணில் மக்கிப்போகின்றன. 2006-ஆம் ஆண்டில் தென்னமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் தரை ஸ்லாத்துகளின் மூக்குப்பகுதி எலும்புகளை ஆராய்ந்து, குறுகிய வாயுடைய மெகதேரியம் பற்றியிழுக்கும் மேலுதட்டால் வேண்டிய குழையைத் தேர்ந்து தின்றிருக்கும் என்றும், அகன்ற வாயுடைய வகைகள் தேராமல் வாரி மேய்ந்திருக்கும் என்றும் கூறினர். 2021-ஆம் ஆண்டிலோ இன்னும் வியப்பான முடிவொன்று வெளிவந்தது. மைலோடான் என்னும் தரை ஸ்லாத்தின் மயிரிலுள்ள நைட்ரஜன் சத்தை ஆராய்ந்தபோது, அது தாவரத்தோடு ஊனுணவும் ஓரளவு உட்கொண்டதாகத் தெரியவந்தது. நாத்ரோதேரியாப்ஸோ தாவரமே உண்டது என்று அவ்வாராய்ச்சியும் ஒப்பியது. செத்த விலங்கின் பிணத்திற் கிடைக்கும் மெல்லிய தசை பல்லிற் பெரிய தடம் விடாது. பல் பொய் கூறவில்லை. தான் காணாததைக் கூறவில்லை, அவ்வளவே.

இவ்விடத்தே யான் தொடங்கிய கடற்பசுவிற்குத் திரும்புகின்றேன். மண்டையோட்டைக் கண்டு யான் கேட்ட கேள்விக்கு ஆஸ்திரேலிய அறிஞர் லேனியனும் சான்சனும் 2006-ஆம் ஆண்டில் விடை கூறியுள்ளனர். கடற்பசுவின் பல்லில் எனாமல் மெல்லிய படலமாய்த் தோன்றி இளமையிலேயே தேய்ந்துபோகின்றது. கடைசி இரு கடைவாய்ப் பற்கள் ஸ்லாத்தின் பல்லைப்போல் வேர் மூடாமல் வளர்கின்றன. ஆயினும் கடற்புல்லை நசுக்கும் வேலையை அப்பற்கள் சிறிதே செய்கின்றன. பெரும்பகுதியைச் செய்வது வாயின் முன்புறத்திலுள்ள கொம்புபோன்ற தடித்த தோற்பட்டைகள். அப்பட்டைகளோ புதைபடிவமாவதில்லை. நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும் பிராணி இது. இது என்றோ அற்றுப்போய், அதன் பல் ஒன்றே நம் கையில் இருந்திருந்தால், அதன் வாழ்க்கையை யாம் பாதியும் அறிந்திருக்கமாட்டோம்.

இது வெறுங் கற்பனை அன்று. கட்ச்சு நாட்டின் பாறைகளில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடற்பசுக்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. பாரதிசைரன், டோம்னிங்கியா, குட்சிசைரன் என்று பெயர்பெற்ற மூவகை ஒரே கடலிற் கூடி வாழ்ந்தன. உடற்பருமன், தாடையின் சாய்வு, கொம்புப் பல்லின் அமைப்பு இவற்றை ஒப்பிட்டு, அவை கடற்புல்லைத் தம்முட் பங்கிட்டு உண்டன என்று 2012-ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று ஊகிக்கின்றது. அம்மூன்றும் இன்றில்லை. வடபசிபிக் கடலில் ஸ்டெல்லர் என்னும் அறிஞர் 1741-ஆம் ஆண்டிற் கண்ட பெரும் கடற்பசுவோ, 8 மீட்டர் வரை நீளமுடையது. அதற்குப் பல்லே இல்லை. அது கடற்பாசி மேய்ந்ததை அவர் தம் கண்ணாற் கண்டு எழுதிவைத்தமையால் அறிகின்றோம். 1768-ஆம் ஆண்டிற்குள் வேட்டைக்காரர் அதனை அடியோடு ஒழித்தனர். மனிதன் கண்ட 27 ஆண்டிற்குள் ஒரு குலம் முடிந்தது.

நம் கரையில் அந்த நிலை இன்னும் வரவில்லை. பாம்பனுக்கு அருகே மண்டபத்தில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஓர் இணைக் கடற்பசுக்களை வளர்த்து நோக்கிய செய்தியை எஸ். ஜோன்ஸ் என்பார் 1959-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். ஹைராக்ஸைப்போலவே, உண்பதைக் கண்ணாற் கண்டறியத்தக்க உயிர்ச்சாட்சி நம் ஊரிலும் இருந்தது என்பதற்கு அது சான்று.

விடுமுறையில் ஊருக்குச் சென்று, மண்டையோட்டின் கதையை என் பாட்டனாரிடம் கூறினேன். கடலிலே முதுமை கண்டவர் அவர். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, தாம் சிறுவராயிருந்த காலத்தில் வலையில் அகப்பட்ட ஆவுளியா ஒன்றைக் கரைக்கு இழுத்துப் போட்டதையும், ஊரார் இறைச்சியைப் பங்கிட்டதையும் சொன்னார். இதுகாறும் அவர் எங்களிடம் கூறாத கதை அது. “அது மூச்சு வாங்கிக்கிட்டே கிடந்தது, ராசா. வாயிலே புல்லு அப்படியே பச்சையா இருந்தது” என்றார். அதன்மேற் பேசவில்லை.

நுண்ணோக்கியும் பிசினும் கொண்டு அறிஞர் தேடும் விடையை, அவர் அன்றே நேரிற் கண்டிருந்தார். ஆனால் அதைக் காணும் பொருட்டு ஓர் உயிர் கரையேற வேண்டியதாயிற்று. அவர் மௌனத்தின் பொருள் அதுவே என்று எனக்குத் தோன்றியது.

1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கடற்பசுவைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாயின. 1986-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியக் கடற்பூங்காவாயின. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பிடமாக அறிவித்தனர். இந்தியாவில் இதுவே முதலாவது. வலையில் அகப்பட்ட கடற்பசுவை வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறையினர் பரிசளித்துப் போற்றியதும் உண்டு. எனினும் நம் தேசத்துக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறே என்று மதிப்பிடுகின்றனர்.

அன்பர்களே! பல்லின் கீறலைக்கொண்டு பண்டை விலங்கின் உணவை அறிவது மனித அறிவின் பெருமைகளுள் ஒன்று, அதில் ஐயமில்லை. ஆனால் அது பிந்தி வந்தவனின் அறிவு. வீடு வெறுமையான பின்னர் அம்மியின் முகத்தைத் தடவிப் பார்த்து, ஈண்டு வாழ்ந்தோர் என்ன உண்டனர் என்று கேட்பதை ஒப்பது. தரை ஸ்லாத்தைப் பற்றி நமக்கு வேறு வழியில்லை. அதன் பல்லை வினவியே தீரவேண்டும். ஆவுளியாவிற்கோ நாம் இன்னும் பிந்தவில்லை. பாம்பன் பாலத்திற்கு இருபுறமும் விரிந்த கடலின் அடியில் புல் இன்றும் வளர்கின்றது. அதனை மேயும் உயிர் இன்றும் மூச்சுவிட மேலே வருகின்றது. அதன் பல்லை மட்டுமே சாட்சிக்கு அழைக்கும் நாள் நம் காலத்தில் வாராதிருக்கக் கடவது.